வளைந்த காலவெளியில் எலக்ட்ரானின் ஆற்றல் மட்டங்கள் மாறுமா?

கருந்துளைக்குப் பக்கத்தில் ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொண்டுபோனால் அதன் ஆற்றல் மட்டங்கள் மாறுமா, மாறினால் எலக்ட்ரானைச் சார்பியலோடு சேர்த்து விவரிக்கும் டிராக் சமன்பாட்டில் அந்த மாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. தொலைவில் இருக்கும் ஒருவருக்கு அந்த அணுவின் நிறமாலை வேறாகத் தெரியுமா என்பது ஒன்று. அணுவோடு கூடவே போய் அங்கேயே அளப்பவருக்கு வேறாகத் தெரியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்பது பதில். அது அரை நூற்றாண்டுக்கும் மேலாக அளந்து பார்த்த உண்மை. இரண்டாவதற்கும் ஆம் என்றுதான் கோட்பாடு சொல்கிறது. ஆனால் அந்த மாற்றத்தை எந்த அணுவிலும் இதுவரை யாரும் அளந்ததில்லை, ஏன் அளக்க முடியவில்லை என்பதற்குக் கணக்கே காரணம் சொல்லிவிடுகிறது. நீங்கள் படித்த கட்டுரைகளில் வரும் குழப்பத்தில் பெரும்பங்கு இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வருவது. பல வருடமாக இந்த வகைக் கணக்குகளோடு இருப்பவன் என்ற முறையில், இரண்டையும் பிரித்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் எளிதானது. ஈர்ப்புக் கிணற்றின் ஆழத்தில் நேரம் மெதுவாக ஓடுகிறது. அங்கிருந்து கிளம்பும் ஒளி மேலே வரும்போது அதிர்வெண் குறைந்து வருகிறது. 1960-ல் பவுண்டும் ரெப்காவும் ஹார்வர்டில் 22.5 மீட்டர் உயரத்துக்குள் இதை அளந்தார்கள். இரும்பு-57 அணுக்கருவின் காமா கதிரில் எதிர்பார்த்த மாற்றம் 10¹⁵-ல் இரண்டரைப் பங்கு, அதுதான் கிடைத்தது. சிரியஸ் பி என்ற வெண்குறு விண்மீனின் ஹைட்ரஜன் கோடுகள் நொடிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடாகச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. 2022-ல் அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் ஜிலா ஆய்வகம் ஸ்ட்ரான்சியம் அணுக் கடிகாரத்தை வைத்து ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்துக்குள் இந்தச் செம்பெயர்ச்சியைக் கண்டது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஆனால் இந்த மாற்றத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாக் கோடுகளும் ஒரே விகிதத்தில் இறங்குகின்றன. ஹைட்ரஜனின் இரண்டு கோடுகளான லைமன் ஆல்ஃபாவுக்கும் பாமர் ஆல்ஃபாவுக்கும் உள்ள விகிதம் இங்கே என்னவோ அதேதான் அங்கேயும். சுருதியை இறக்கிப் பாடினால் ராகம் மாறுவதில்லை, அதுபோல. எனவே வளைவு அணுவின் உள்ளே எதையாவது செய்ததா என்று தெரிய வேண்டுமானால் மட்டங்களின் விகிதத்தைப் பார்க்க வேண்டும், தனித்தனி மட்டத்தை அல்ல. யாராவது "ஈர்ப்பால் ஆற்றல் மட்டங்கள் மாறின" என்று எழுதினால் நான் முதலில் கேட்கும் கேள்வி, விகிதம் மாறியதா என்பதே. மாறவில்லை என்றால் அது அணுவைப் பற்றிய செய்தி இல்லை, கடிகாரத்தைப் பற்றிய செய்தி.

சரி, விகிதம் ஏன் மாற வேண்டும்? தடையின்றி விழும் ஒரு சிறிய அறைக்குள் ஈர்ப்பே தெரியாது என்பது ஐன்ஸ்டீனின் சமானக் கோட்பாடு. அதன்படி பார்த்தால் விழுந்துகொண்டிருக்கும் ஹைட்ரஜன் அணுவுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியக்கூடாது. அது உண்மைதான், அறை புள்ளியளவு சிறியதாக இருக்கும் வரை. எலக்ட்ரானின் அலைச்சார்போ ஒரு புள்ளி இல்லை, அது இடத்தில் பரவிக் கிடக்கிறது. அணுவின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் ஈர்ப்பு கொஞ்சம் வேறுபட்டால், அந்த வேறுபாட்டை எலக்ட்ரான் உணரும். கடலில் ஓதம் எழுப்பும் அதே விசைதான் இது. கணிதத்தில் இதற்குப் பெயர் ரைமன் வளைவு. வளைவு என்று நாம் உண்மையில் அர்த்தப்படுத்த வேண்டியது இதைத்தான்.

இங்கே ஒரு இடைச்செருகல், ஏனென்றால் உங்கள் கேள்வியில் நியூட்ரான் சோதனைகளையும் குறிப்பிட்டிருந்தீர்கள். பிரான்சின் கிரனோபிளில் 2002-ல் மிக மெதுவான நியூட்ரான்களைக் கண்ணாடிப் பரப்பின் மேல் துள்ளவிட்டு, பூமியின் ஈர்ப்பில் அவற்றுக்குத் தனித்தனி ஆற்றல் மட்டங்கள் இருப்பதைக் காட்டினார்கள். அடிமட்டம் 1.4 பிக்கோ எலக்ட்ரான்வோல்ட், அதன் உயரம் சுமார் 14 மைக்ரோமீட்டர். அதற்கும் முன்னால், 1975-ல் கொலெல்லா, ஓவர்ஹாசர், வெர்னர் மூவரும் நியூட்ரான் குறுக்கீட்டுமானியில் ஈர்ப்பால் வரும் கட்ட மாற்றத்தை அளந்தார்கள். இரண்டும் அருமையான சோதனைகள். ஈர்ப்பு குவாண்டம் கட்டத்துக்குள் நுழைகிறது என்பதை அவை ஐயமின்றி நிறுவின. ஆனால் அவற்றில் வேலை செய்வது சீரான முடுக்கம்தான், அதே முடுக்கத்தில் போகும் ராக்கெட்டுக்குள் செய்தாலும் அதே மட்டங்கள் வரும். இவற்றை "வளைந்த காலவெளியில் குவாண்டம் மட்டங்கள்" என்று தலைப்புப் போட்டு எழுதுவதை நான் ஏற்பதில்லை. அந்த நியூட்ரான்கள் சார்பியல் வேகத்திலும் இல்லை, வளைவையும் தொடவில்லை.

இனி டிராக் சமன்பாட்டுக்கு வருவோம். டிராக் 1928-ல் எழுதியது தட்டையான காலவெளிக்கு. அடுத்த ஆண்டே ஃபாக்கும் வைலும் தனித்தனியாக அதை வளைந்த காலவெளிக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு உண்மையான இடைஞ்சல் இருந்தது. எலக்ட்ரானை அதன் ஸ்பினோடு, அதாவது உள்ளார்ந்த சுழற்சியோடு, விவரிக்கும் கணிதப் பொருளான ஸ்பினர் என்பது சாதாரண திசையன் மாதிரி எந்த ஆயத்தொலைவிலும் எழுதிவிடக்கூடியது இல்லை. அதற்கு ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு செங்குத்துச் சட்டகம் வேண்டும், ஒரு காலத் திசையும் மூன்று இடத் திசைகளும் கொண்டது. வளைந்த இடத்தில் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இந்தச் சட்டகம் திரும்பிக்கொண்டே போகும். அந்தத் திரும்பலைக் கழித்தால்தான் ஸ்பினரின் உண்மையான மாற்றம் எவ்வளவு என்று தெரியும். அந்தக் கழித்தலுக்கான உறுப்பு ஸ்பின் இணைப்பு எனப்படுகிறது. புதிதாக இதைப் படிப்பவர்கள் எல்லாரும், நீங்களும்தான் போலிருக்கிறது, வளைவின் முழு விளைவும் இந்த உறுப்புக்குள் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். அணு விஷயத்தில் அப்படி இல்லை.

காரணம் இது. 1932-ல் ஷ்ரோடிங்கர் வளைந்த இடத்தின் டிராக் செயலியை வர்க்கப்படுத்திப் பார்த்தார். சாதாரண அலைச் சமன்பாட்டோடு கூட, அளவெண் வளைவில் (ஒரு புள்ளியின் வளைவை ஒரே எண்ணாகச் சுருக்கியது) நான்கில் ஒரு பங்கு என்ற ஒரு சுத்தமான உறுப்பு கிடைத்தது. மிக அழகான முடிவு. ஆனால் கருந்துளைக்கு வெளியே வெற்றிடத்தில் அந்த அளவெண் வளைவு பூஜ்யம். ஆக, அந்த உறுப்பு நீங்கள் கேட்கும் இடத்தில் ஒன்றும் செய்வதில்லை. அணுவில் முன்னால் நிற்பது வேறொன்று. எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் 5,11,000 எலக்ட்ரான்வோல்ட், அணுவின் பிணைப்பு ஆற்றலோ 13.6 தான். காலத்தின் ஓட்டம் அணுவுக்குள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறினால், அந்த மாற்றம் இந்தப் பிரம்மாண்டமான ஓய்வு ஆற்றலோடு பெருக்கப்படுகிறது. மற்ற உறுப்புகள் எல்லாம், அணுக்கருவின் மின்புலம் வளைவால் லேசாகத் திரிவது உட்பட, அதைவிடச் சுமார் இருபதாயிரம் மடங்கு சிறியவை.

இந்தக் கணக்கை முறையாகப் போட்டவர் லெனார்ட் பார்க்கர், 1980-ல். தடையின்றி விழும் அணுக்கருவை மையமாக வைத்து, அதைச் சுற்றி இயன்றவரை தட்டையாக இருக்கும் ஆயத்தொலைவுகளை எடுத்தார். அந்த ஆயத்தொலைவுகளில் முதல் வரிசை விளைவு எதுவும் மிஞ்சாது, சமானக் கோட்பாடு அதைத் துடைத்துவிடும். இரண்டாம் வரிசையில் மிஞ்சுவது வார்த்தையில் சொன்னால் இப்படி: ஓய்வு ஆற்றலில் பாதி, பெருக்கல் வளைவின் கால-இடக் கூறு, பெருக்கல் மையத்திலிருந்து எலக்ட்ரானின் தூரத்தின் வர்க்கம். பார்க்க நியூட்டனின் ஓத ஆற்றல் மாதிரியே இருக்கும். உண்மையில் அதுவேதான். இதை அணுவின் ஒவ்வொரு நிலையிலும் சராசரி எடுத்தால் மட்டத்தின் நகர்வு கிடைக்கும்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்க்கலாம், இதில்தான் விஷயமே இருக்கிறது. தூரத்துக்குப் போர் ஆரத்தையும் (இயற்பியலாளர் நீல்ஸ் போரின் பெயரில், ஹைட்ரஜன் அணுவின் இயல்பான ஆரம்), வளைவுக்குப் பூமியின் மேற்பரப்பில் உள்ள மதிப்பையும் வைத்தால் வருவது சுமார் 10⁻³⁸ எலக்ட்ரான்வோல்ட். சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளையின் நிகழ்வெல்லையில் (தாண்டினால் ஒளியும் திரும்ப முடியாத எல்லை), அதாவது மையத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், இது 4×10⁻²³ எலக்ட்ரான்வோல்ட் ஆகிறது. நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் அதைவிட ஐம்பது மடங்கு குறைவு. கருந்துளை பெரிதாகப் பெரிதாக நிகழ்வெல்லையில் வளைவு குறையும், நிறையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில். நம் பால்வெளியின் மையத்தில் நாற்பது லட்சம் சூரிய நிறையோடு இருக்கும் கருந்துளை இந்த விஷயத்துக்குச் சற்றும் உதவாது. அதைச் சுற்றும் எஸ்2 என்ற விண்மீனின் ஒளியில் 2018-ல் ஈர்ப்புச் செம்பெயர்ச்சியைப் பார்த்தார்கள், ஆனால் அது மேலே சொன்ன முதல் வகை.

இந்த எண்களுக்குள் இன்னொரு நுட்பமும் இருக்கிறது, கேள்வி கேட்டவருக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஹைட்ரஜனின் அடிமட்டத்தில் எலக்ட்ரான் மேகம் முழுக் கோளமாக இருக்கிறது. வெற்றிடத்தில் ஓத விசை ஒரு திசையில் இழுக்கும், மற்ற இரண்டு திசைகளில் நெரிக்கும். இழுப்பு இரண்டு பங்கு, நெரிப்பு ஒவ்வொன்றும் ஒரு பங்கு. கோளத்தின் மேல் சராசரி எடுத்தால் மொத்தமும் சரிக்குச் சரியாகக் கழிந்து பூஜ்யம். ஆகையால் வெற்றிடத்தில் விழும் ஹைட்ரஜனின் அடிமட்டம் இந்த வரிசையில் நகர்வதே இல்லை, கருந்துளை எவ்வளவு கொடூரமானதாக இருந்தாலும். விளைவைப் பார்க்க வேண்டுமானால் கோளமாக இல்லாத ஒரு மட்டம் வேண்டும்.

அப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம், இரண்டாம் கூட்டின் பி மட்டம். ஸ்பினைச் சேர்த்தால் அது இரண்டாகப் பிரியும், மொத்தக் கோண உந்தம் அரை உள்ளது ஒன்று, ஒன்றரை உள்ளது இன்னொன்று. அரை உள்ளது மறுபடியும் கோளத்தைப் போல நடந்துகொள்ளும், அதில் பயனில்லை. ஒன்றரை உள்ளதில் நான்கு நிலைகள் ஒரே ஆற்றலில் நிற்கின்றன. ஓத விசை அவற்றை இரண்டு ஜோடியாகப் பிரிக்கிறது. கோண சராசரிகளை எடுத்து, இந்த மட்டத்தில் தூர வர்க்கத்தின் சராசரி போர் ஆர வர்க்கத்தைப் போல 30 மடங்கு என்பதையும் சேர்த்தால், மேலே சொன்ன அடிப்படை அளவைவிடப் பிளவு 24 மடங்கு வரும். சூரிய நிறைக் கருந்துளையின் நிகழ்வெல்லையில் அது 10⁻²¹ எலக்ட்ரான்வோல்ட். அதிர்வெண்ணாக மாற்றினால் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். இந்த மட்டத்தின் ஆயுளோ 1.6 நானோநொடி. தொலைவிலிருந்து விழுந்து வந்த அணு நிகழ்வெல்லையைத் தாண்டி மையத்துக்குப் போய்ச் சேர மொத்தமே 7 மைக்ரோநொடி. ஒன்றரை மாதத் தாளத்தை நானோநொடிக்குள் கேட்டுவிட முடியாது.

அப்புறம் என்ன, இன்னும் உள்ளே போனால் வளைவு கூடுமே என்று கேட்கலாம். கூடும், தூரத்தின் கனத்துக்கு எதிர்விகிதத்தில். அந்தப் பிளவு கோட்டின் இயல்பு அகலமான 10 கோடி ஹெர்ட்ஸைத் தொட, மையத்திலிருந்து சுமார் 4 சென்டிமீட்டர் வரை போக வேண்டும். அங்கே வளைவு ஆரம் (வளைவு எந்தத் தூர அளவில் பெரிதாகத் தெரியும் என்பது, சிறியதானால் வளைவு அதிகம்) இன்னும் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, அணுவைவிட மிக மிகப் பெரியது, எனவே கணக்கு முறை உடையவில்லை. ஆனால் அந்த இடத்தில் அணுவுக்கு மிச்சமிருக்கும் நேரம் ஒரு பிக்கோநொடிகூட இல்லை. மட்டம் ஒளியை உமிழ்ந்து தன்னைக் காட்டிக்கொள்வதற்குள் சூழலே மாறிவிடுகிறது. மட்டம் என்ற சொல்லுக்கே அங்கே பொருள் கரைந்துபோகிறது. விளைவு பெரிதாகும் இடமும் கேள்வி பொருளிழக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதை இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கொஞ்சம் மனம் தளரவைக்கும் விஷயம்தான், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

அணுவைப் பெரிதாக்கினால்? நூறாவது கூட்டுக்கு ஏற்றிய ரிட்பர்க் அணுவின் ஆரம் பத்தாயிரம் மடங்கு, நகர்வு தூர வர்க்கத்தோடு போவதால் பத்துக் கோடி மடங்கு. பூமியில் 10⁻³⁸ என்பது 10⁻³⁰ ஆகும். இன்னும் எட்டாத தூரம்தான். மாறாக, சாதாரண ஹைட்ரஜனில் வளைவின் விளைவு லாம்ப் பெயர்ச்சி என்ற, மின்காந்தப் புலத்தின் குவாண்டம் விளைவால் வரும் சிறு மட்ட நகர்வுக்கு நிகராக, அதாவது சுமார் 1057 மெகாஹெர்ட்ஸ் ஆக, வளைவு ஆரம் 10⁻³ சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். நிகழ்வெல்லையிலேயே அப்படி வளைவு உள்ள கருந்துளைக்கு நிறை சந்திரனின் நிறையில் சுமார் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் அப்படிச் சில உருவாகியிருக்கலாம் என்பது வெறும் ஊகமே, ஒன்றைக்கூட யாரும் கண்டதில்லை.

இதுவரை வளைவை ஒரு சிறு தொந்தரவாகவே பார்த்தோம். துகளின் அலைநீளமும் வளைவு ஆரமும் நெருங்கிவிட்டால் கதையே வேறு, அப்போது வடிவியலே நிறமாலையாகிவிடும். இதைத் துல்லியமாகத் தீர்க்கக்கூடிய சில காலவெளிகள் இருக்கின்றன. ஐன்ஸ்டீனின் நிலையான பிரபஞ்சம் அதில் எளியது, இடம் ஒரு முப்பரிமாணக் கோளம், காலம் சீராக ஓடும். அங்கே தனி டிராக் துகளின் உந்தம் எந்த மதிப்பையும் எடுக்க முடியாது. ஆரத்தின் தலைகீழை அலகாக வைத்தால் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்றுதான் போகும். ஆற்றலின் வர்க்கம் என்பது ஓய்வு ஆற்றலின் வர்க்கமும் அந்த உந்தத்தின் வர்க்கமும் சேர்ந்தது. ஸ்பின் இல்லாத துகளை, வளைவோடு தகுந்தபடி இணைத்தால், அதே இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்களாக வரும். அந்த அரை வித்தியாசம் ஸ்பினின் கைரேகை. நிறையே இல்லாத ஃபெர்மியானுக்குக்கூட (எலக்ட்ரான் போன்ற அரை ஸ்பின் வகைத் துகள்) அங்கே பூஜ்ய ஆற்றல் நிலை கிடையாது, நேர் வளைவு அதை அனுமதிப்பதில்லை. ஷ்ரோடிங்கரின் அந்த நான்கில் ஒரு பங்கு உறுப்பு இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. எதிர்ப்பக்கமாக, எதிர் டி சிட்டர் என்ற எதிர்மறை வளைவுள்ள காலவெளி ஒரு பெட்டி மாதிரி நடந்துகொள்ளும். சுவரே இல்லாமல் துகளை உள்ளே வைத்திருக்கும், மட்டங்கள் சம இடைவெளியில் வரும். சார்பியல் துகளுக்கு இவ்வளவு ஒழுங்கான ஏணி கிடைப்பது அபூர்வம். எலக்ட்ரானுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரிய ஆரம் 4×10⁻¹³ மீட்டர் அளவுக்குச் சுருங்க வேண்டும். ஆகவே இவை நம் பிரபஞ்சத்தின் படங்கள் இல்லை, கணித முறையைச் சரிபார்க்கும் உரைகற்கள். இருந்தாலும், சமன்பாட்டைப் புரிந்துகொள்ள இவற்றைவிட நல்ல இடம் இல்லை.

கருந்துளையையே அணுக்கருவாக வைத்து, எலக்ட்ரான் ஈர்ப்பால் மட்டும் அதைச் சுற்றினால் என்ன என்பது இன்னொரு வகை. ஹைட்ரஜனில் மின்விசையின் வலிமையைச் சொல்லும் நுண்ணமைப்பு மாறிலி செய்யும் வேலையை இங்கே கருந்துளையின் நிறையும் எலக்ட்ரானின் நிறையும் சேர்ந்த ஒரு எண் செய்கிறது. அந்த எண் ஒன்றாக வரக் கருந்துளைக்கு 5×10¹⁴ கிலோகிராம் நிறை வேண்டும். அதைவிடச் சிறிய எண்ணுக்கு மட்டங்கள் போரின் பழைய சூத்திரத்தைப் போலவே அமையும். ஸ்பினுக்கும் சுற்றுப்பாதைக்கும் உள்ள பிணைப்பு மட்டும் மின்புலத்தில் வருவதைப் போல மூன்று மடங்கு. அது சுழலும் கோளம் ஒன்று பூமியைச் சுற்றும்போது அச்சு திரும்புவதன் குவாண்டம் வடிவமே. கோளத்தில் அந்தத் திரும்பலை கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோள் வருடத்துக்கு 6.6 வில்நொடி என்று அளந்துவிட்டது.

ஆனால் இவை நிரந்தர மட்டங்கள் இல்லை. சந்திரசேகர் 1976-ல் சுழலும் கருந்துளையைச் சுற்றி டிராக் சமன்பாட்டை ஆரப் பகுதி, கோணப் பகுதி என்று பிரித்துக் காட்டினார், முடியவே முடியாது என்று பலர் நினைத்திருந்த காரியம் அது. இந்தத் துறையில் பின்னால் வந்தவற்றில் பெரும்பாலானது அந்தப் பிரிப்பின் மேல் நிற்கிறது. 2000-ல் ஃபின்ஸ்டர், ஸ்மாலர், யாவ் ஆகியோர், கருந்துளையைச் சுற்றி என்றென்றும் அப்படியே நிற்கும் டிராக் நிலை ஒன்றுகூட இருக்க முடியாது என்று கணித நிரூபணமே கொடுத்தார்கள். அலையின் ஒரு பகுதி நிகழ்வெல்லைக்குள் கசிந்துகொண்டே இருக்கும். எனவே ஆற்றல் கலப்பெண்ணாக வரும், அதன் கற்பனைப் பகுதி கசிவின் வேகத்தைச் சொல்லும். ஒளித்துகள் போன்ற, முழு எண் ஸ்பின் உள்ள போஸான்களுக்கு இதில் ஒரு வித்தியாசம் உண்டு. சுழலும் கருந்துளையிடமிருந்து சில மட்டங்கள் ஆற்றலை உறிஞ்சித் தாமாகவே பெருகலாம். 10⁻¹² எலக்ட்ரான்வோல்ட் போன்ற மிகச் சிறிய நிறையுள்ள போஸான்கள் உண்மையில் இருந்தால் விண்மீன் அளவு கருந்துளைகளைச் சுற்றி இது நடக்கும் என்று பலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வழிமுறையில் சந்தேகமில்லை, அப்படிப்பட்ட துகள் இருக்கிறது என்பதற்குத்தான் சான்றில்லை. எலக்ட்ரான் போன்ற ஃபெர்மியான்களுக்கு இந்தப் பெருக்கம் கிடையாது.

வளைவே இல்லாத இடத்திலும் மட்டங்கள் மாறலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளில் ஆப்புப் போல ஒரு துண்டை வெட்டி ஓரங்களை ஒட்டினால் கூம்பு வரும். நுனியைத் தவிர எங்கும் அது தட்டைதான். ஆனால் நுனியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று 360 பாகைக்குக் குறைவு. அங்கே கோண உந்தம் முழு எண்களாக இருக்காது, அதனால் மட்டங்கள் நகரும். அண்ட இழை என்ற கற்பிதப் பொருளைச் சுற்றிக் காலவெளி இப்படி இருக்கும் என்று பொதுச் சார்பியல் சொல்கிறது. எலக்ட்ரான் வளைவை உணர்வதோடு நிற்பதில்லை, இடம் எப்படி ஒட்டப்பட்டிருக்கிறது என்பதையும் உணர்கிறது.

ஆற்றல் மட்டம் என்று பேசவே ஒரு முன்நிபந்தனை இருக்கிறது, பாடப்புத்தகங்கள் அதை அவசரமாகக் கடந்துவிடும். காலவெளி நேரத்தோடு மாறாமல் இருக்க வேண்டும். மாறிக்கொண்டிருந்தால் பாதுகாக்கப்படும் ஆற்றல் என்று ஒன்று இல்லை, மட்டமும் கறாராக இல்லை. விரியும் பிரபஞ்சத்தில் நேர் அதிர்வெண்ணும் எதிர் அதிர்வெண்ணும் ஒன்றோடொன்று கலப்பதை 1939-ல் ஷ்ரோடிங்கர் கவனித்தார். அதற்குத் துகள் உருவாக்கம் என்ற பொருளைப் பார்க்கர் 1960-களில் தெளிவாக்கினார். நடைமுறையில் ஹைட்ரஜனுக்கு இது கவலை இல்லை. இன்றைய விரிவு வேகத்தை அதே சூத்திரத்தில் போட்டால் 10⁻⁶⁸ எலக்ட்ரான்வோல்ட் அளவில்தான் வரும். பிரபஞ்சம் விரியும்போது அணுவும் கூட விரியுமா என்று பலரும் கேட்பதற்கு இந்த எண்ணே பதில்.

ஆய்வகத்தில் எதுவுமே பார்க்க முடியாதா என்றால், இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று போலச் செய்வது. கிராஃபீனில் எலக்ட்ரான்கள் நிறையற்ற டிராக் துகள்களைப் போல நடக்கின்றன, ஒளிவேகத்துக்குப் பதில் நொடிக்குப் பத்து லட்சம் மீட்டர். அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த ஃபுல்லரின் பந்தில் பன்னிரண்டு ஐங்கோணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 60 பாகை வெட்டிய ஒரு கூம்பு நுனி. பன்னிரண்டும் சேர்ந்து 720 பாகை, அதுதான் ஒரு கோளத்தின் மொத்த வளைவு. 1992-ல் கொன்சாலெஸ், கினேயா, வோஸ்மேதியானோ மூவரும் அந்த மூலக்கூறின் மட்டங்களைக் கோளத்தின் மேல் டிராக் சமன்பாடாகவே அணுகினார்கள். 2010-ல் பிளாட்டினப் பரப்பின் மேல் எழும்பிய கிராஃபீன் குமிழ்களில் 300 டெஸ்லாவுக்கும் மேற்பட்ட காந்தப்புலம் இருப்பது போன்ற மட்டங்கள் தெரிந்தன, காந்தமே இல்லாமல், வெறும் இழுவிசையால். சமன்பாடு அதேதான், ஆனால் அது ஈர்ப்பு இல்லை. ஒப்புமை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் காலவெளிக்குச் சான்றாக எடுக்கக்கூடாது.

மற்றது உண்மையான வளைவு. 2017-ல் ஸ்டான்ஃபோர்டில், 10 மீட்டர் உயரமுள்ள அணு நீரூற்றில், ருபிடியம் அணுவின் அலையை இரண்டாகப் பிரித்து, அந்த ஒரே அலையின் இரு பகுதிகளுக்கு இடையில் ஓத விசையால் வரும் கட்ட வித்தியாசத்தை அளந்தார்கள். பார்க்கரின் சூத்திரத்தில் போர் ஆரத்தின் இடத்தில் சென்டிமீட்டர்களை வைத்தது போல என்று கொள்ளலாம். அங்கே பிணைந்த மட்டமும் இல்லை, சார்பியல் வேகமும் இல்லை. ஆனால் ஒரே அலைச்சார்பின் மேல் வளைவு வேலை செய்வது தெரிந்தது. நீங்கள் கேட்டதற்குச் சோதனை இதுவரை வந்து சேர்ந்திருக்கும் மிக நெருங்கிய இடம் என்று நான் கருதுவது இதைத்தான்.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். கருந்துளையை மையமாக வைத்த, வழக்கமான ஷ்வார்ஸ்சைல்ட் ஆயத்தொலைவுகளில் நேராக இறங்கிவிடாதீர்கள். அவற்றில் செம்பெயர்ச்சி, முடுக்கம், வளைவு மூன்றும் கலந்து வரும், எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்கவே பாதி நேரம் போய்விடும். விழும் அணுவை மையமாக வைத்த ஆயத்தொலைவுகளில் தொடங்கி, இரண்டாம் வரிசைவரை எடுங்கள். அடிமட்டத்தின் நகர்வு வெற்றிடத்தில் பூஜ்யம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் வேறெங்கும் தேட வேண்டாம், வளைவின் குறியீட்டு மரபில்தான் எங்கோ ஒரு கூட்டல் கழித்தல் மாறியிருக்கும். அது சரியாக வந்ததும், பி மட்டத்தில் அந்த 24 வருகிறதா என்று பாருங்கள்.